மானேஜருக்குக் காது வேண்டும்

பெங்களூரில் தமிழர் வாழும் தெருக்களில் ஏப்ரல், மே மாதங்களில் இனிப்புப் பெட்டி கைமாறுவது வழக்கம். பதவி உயர்வு உத்தரவுகள் வரும் காலம் அது. "பையன் மானேஜர் ஆகிவிட்டான்" என்று அடுத்த வீட்டில் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் தெரியும் பெருமை நியாயமானதே. திருப்பத்தூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ரயிலேறி வந்து, ஹெச்.ஏ.எல். என்றும் ஐ.டி.ஐ. என்றும் பி.இ.எல். என்றும் ஷிப்டு பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் பலர். பிள்ளை இன்ஜினீயர் ஆனதோடு நில்லாமல், பத்துப் பேருக்கு மேலே அதிகாரியும் ஆகிவிட்டான் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இராது?

அந்தப் பத்துப் பேரின் வீடுகளில் அன்று மாலை என்ன பேச்சு நடக்கிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். "புதுசா ஒருத்தர் வந்திருக்கார். வேலை தெரிஞ்சவர்தான். ஆனா வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல முடியாது" என்று ஒருவர் தம் மனைவியிடம் சொல்கிறார் என்றால், அந்தப் பதவி உயர்வில் ஏதோ கோளாறு நேர்ந்துவிட்டது என்றே பொருள்.

நம் தொழிற்சாலைகளிலும் சாப்ட்வேர் கம்பெனிகளிலும் மானேஜர் பதவி பெரும்பாலும் பரிசாகவே தரப்படுகிறது. வரைபடத்தைப் பிழையின்றிப் போடுகிறவர், எந்த இயந்திரம் நின்றாலும் ஓட வைக்கிறவர், மற்றவர் ஒரு வாரம் திணறிய புரோகிராமை ஒரே இரவில் முடிக்கிறவர் ஆகியோரைத் தேர்ந்து "இனி நீங்கள் மானேஜர்" என்கிறார்கள். மறுநாள் காலையிலிருந்து அவருடைய தொழிலே வேறு. நேற்று வரை அவர் இயந்திரத்தோடு பேசினார். இயந்திரம் தன் கோளாறை மறைக்காது. சூடானால் சூடாகும், தேய்ந்தால் சத்தமிடும். மனிதர்கள் மறைப்பார்கள். மேலதிகாரி கோபக்காரர் என்று தெரிந்தால் இன்னும் நன்றாக மறைப்பார்கள்.

ஆகவே நல்ல மானேஜருக்கு வேண்டிய குணங்கள் என்று புத்தகங்களில் நீண்ட பட்டியல் இருந்தாலும், எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒன்றை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ளவர் கெட்ட செய்தியைப் பயமின்றி அவரிடம் கொண்டு வர முடிய வேண்டும். மற்றக் குணங்களில் பாதி இதிலிருந்து பிறப்பவை. இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு போபால் பூச்சி மருந்துத் தொழிற்சாலையில் நடந்ததை அங்கு வேலை பார்த்தவர்கள் பின்னர் பத்திரிகை நிருபர்களிடம் விவரித்திருக்கிறார்கள். நள்ளிரவுக்கு அரை மணி நேரம் முன்பே தொழிலாளர்களின் கண்கள் எரிந்தன. விஷயம் சூப்பர்வைசருக்குச் சொல்லப்பட்டது. டீ இடைவேளை முடிந்ததும் பார்ப்போம் என்று முடிவாயிற்று. கண் எரிச்சல் அங்கு அடிக்கடி வருவதுதான். ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி, கேட்டுக் கேட்டு, சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அது பழகிப் போயிருந்தது. அந்த வாயுத் தொட்டியைக் குளிர்விக்கும் சாதனம் பல மாதங்களாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை நிறுத்தியது சூப்பர்வைசர் அல்லர். அவருக்கும் மேலே இருந்தவர்கள். விடிவதற்குள் ஊரே சுடுகாடாயிற்று. அந்த டீ இடைவேளையில் போயிருந்தாலும் தடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. சொல்லப்பட்ட செய்தி செய்தியாகவே எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சொன்னவர் படிப்பில்லாத தொழிலாளி என்பதால் கேட்கவில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். படித்த இன்ஜினீயர்கள் கணக்குப் போட்டுச் சொன்னதும் இதே கதிக்கு ஆளாகியிருக்கிறது. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28-ஆம் தேதி புறப்பட்ட 73 விநாடிகளில் நொறுங்கி 7 பேர் மாண்டது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தைய இரவு நடந்தது அவ்வளவு பேருக்குத் தெரியாது. விண்கலத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகளைச் செய்து கொடுத்தது மார்ட்டன் தயோகால் என்ற கம்பெனி. ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாமல் தடுக்க ரப்பர் வளையங்கள் உண்டு. குளிரில் அந்த ரப்பர் விறைத்துப்போய் இடைவெளியைச் சரியாக அடைக்காது. இந்த வளையங்கள் சரியாக வேலை செய்யாமல் போகும் ஆபத்தைப் பற்றி அக்கம்பெனியின் இன்ஜினீயர் ரோஜர் பாய்ஷ்ஜோலி 1985 ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். உயிர்கள் போகும் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்.

புறப்படும் நாளன்று கடுங்குளிர் இருக்கும் என்று தெரிந்ததும், முந்தைய இரவு தொலைபேசியில் நீண்ட ஆலோசனை நடந்தது. சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று இன்ஜினீயர்கள் கூறினார்கள். விண்வெளி நிறுவனத்தின் அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடைய அதிருப்தியைக் கண்ட கம்பெனி நிர்வாகிகள் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். ஐந்து நிமிடம் என்று கேட்டு வாங்கிய அவகாசம் அரை மணி நேரமாயிற்று. பாய்ஷ்ஜோலியும் இன்னொரு இன்ஜினீயரும் படங்களைக் காட்டிக் கடைசி முறையாக வாதாடினார்கள். பிறகு நான்கு நிர்வாகிகள் மட்டும் முடிவெடுத்தார்கள். அவர்களில் இன்ஜினீயரிங் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் தயங்கினார். அவரைப் பார்த்து மூத்த நிர்வாகி, இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மானேஜர் தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி கூறினார். அவரும் மாட்டிக்கொண்டார். ஏவலாம் என்று பதில் போயிற்று. மறுநாள் காலைக் குளிர் சுமார் 2 டிகிரி.

இந்தத் தொப்பி விஷயம் உலகெங்கும் இன்ஜினீயரிங் கல்லூரிகளில் பாடமாகச் சொல்லப்படுகிறது. மேலதிகாரி அன்று செய்த தவறு சூட்சுமமானது. "ஆபத்தில்லை என்று நிரூபி" என்று கேட்பதே வழக்கம். அன்று "ஆபத்து என்று நிரூபி" என்று கேட்டுவிட்டார்கள். சந்தேகம் என்பதை முழுமையாக நிரூபிக்க யாராலும் முடியாது. நம்மூர்ப் பட்டறையிலும் இது நாள்தோறும் நடப்பதுதான். "சார், மூணாம் நம்பர் மெஷின்ல சத்தம் வேற மாதிரி வருது" என்று ஆபரேட்டர் வந்து சொல்கிறார். "என்ன ஆகும்னு உறுதியாச் சொல்ல முடியுமா? முடியாதுன்னா போய் வேலையைப் பாருப்பா" என்று பதில் வருகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை ஆபரேட்டர் வரமாட்டார். பிறகு தாங்கி உடைந்து, ஷாப்டு வளைந்து, இரண்டு நாள் உற்பத்தி நின்றபின் "ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்று விசாரணை நடக்கும்!

டொயோட்டா கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டது. உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும், கோளாறு கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். உடனே விளக்கு எரியும். அவருடைய குழுத் தலைவர் ஓடி வருவார். அதற்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். நம் பெங்களூரை அடுத்த பிடதியில் அக்கம்பெனியின் தொழிற்சாலை வந்தபிறகு இந்த முறையைப் பற்றி இங்கும் நிறையப் பேசப்பட்டது. பல ஆலைகள் கயிற்றை வாங்கித் தொங்கவிட்டன. ஆனால் கயிறு பெரிதல்ல. இழுத்தவரை அதிகாரி முதலில் என்ன கேட்கிறார் என்பதே பெரிது. "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் கயிறு வேலை செய்யும். "யார் இழுத்தது?" என்று கேட்டால் அது துணி உலர்த்தத்தான் உதவும்.

கீழிருந்து கெட்ட செய்தி மட்டுமே வரும் என்பதில்லை. 1964 டிசம்பர் புயலில் பழைய பாம்பன் பாலத்தின் பெரும்பாலான இரும்புக் கர்டர்கள் கடலில் வீழ்ந்தன. சீரமைக்க 6 மாதம் என்று ரயில்வே நிர்ணயித்தது. மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பு 32 வயது இ. ஸ்ரீதரனிடம் வந்தது. புதுக் கர்டர்களுக்கு நாட்டின் பல மூலைகளிலும் அலைய வேண்டிய நிலை. அப்போது ஒரு மீனவர், விழுந்த கர்டர்கள் கடலடியில் கிடப்பதைப் பார்த்ததாக வந்து சொன்னார் என்பது ஸ்ரீதரனின் வாழ்க்கை வரலாற்றில் காணும் செய்தி. அந்த மீனவரை "உனக்கென்ன தெரியும்" என்று விரட்டவில்லை. கர்டர்களைக் கடலிலிருந்தே தூக்கி எடுத்து மீண்டும் பொருத்தினார்கள். 46 நாட்களில் வேலை முடிந்தது. பிற்காலத்தில் கொங்கண் ரயில்வே, டில்லி மெட்ரோ என்று அவர் பேர் வாங்கியதற்கெல்லாம் முன்னோடி அந்தப் பாலம்.

கேட்கும் குணத்துக்கு அடுத்தபடி, பழியைத் தன் தோளில் வாங்கிக்கொள்ளும் குணம். இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தவறு நேர்ந்தால் அதிகாரி தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுவார் என்று அஞ்சுபவர் தவறைச் சொல்லவே மாட்டார்.

இதில் நமக்கு அருகிலேயே ஓர் உயர்ந்த உதாரணம் உண்டு. ராமேஸ்வரத்தில் பிறந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து, இளமையில் இந்தப் பெங்களூரிலும் பணியாற்றிய அப்துல் கலாம், எஸ்.எல்.வி.-3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநராக இருந்தார். 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி அதன் முதல் சோதனை. கடைசி நேரத்தில் கம்ப்யூட்டர் ஏவுவதை நிறுத்தி எச்சரித்தது என்றும், நிபுணர்கள் பரவாயில்லை என்றதால் தாமே அதை மீறி ஏவ முடிவு செய்ததாகவும் கலாம் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் காத்திருந்தார்கள். இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான், கலாமை முன்னே தள்ளிவிட்டிருக்கலாம், முடிவு அவருடையதுதானே! தவான் அப்படிச் செய்யவில்லை. நிருபர்கள் முன் தாமே அமர்ந்து தோல்விக்குப் பொறுப்பேற்றார். தம் குழுவின் மீது நம்பிக்கை இருப்பதாகவும் கூறினார். 1980 ஜூலை 18-ஆம் தேதி ராக்கெட் வெற்றி பெற்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. அன்று நிருபர்களைச் சந்திக்கும்படி தவான் அனுப்பியது கலாமை.

கலாம் இந்தச் சம்பவத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் மாணவர்களிடம் சொல்லி வந்தார். நம் அலுவலகங்களில் இது எப்படித் தலைகீழாக நடக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெற்றி விழாவில் யார் மாலை வாங்குகிறார், விளக்கம் கேட்கும் மெமோ யார் மேசைக்கு வருகிறது என்பதை ஒவ்வொரு குமாஸ்தாவும் அறிவார்.

மெமோ என்றதும் நினைவுக்கு வருகிறது. கீழே இருப்பவரிடம் குறை இருந்தால் அதை முகத்துக்கு நேரே, தனியாக, புரியும்படி சொல்வதும் ஒரு திறமையே. பல அதிகாரிகளுக்கு அதற்குத் துணிவு வராது. ஆண்டு முழுவதும் சிரித்துப் பேசிவிட்டு, சி.ஆர். எழுதும்போது பழி தீர்ப்பார்கள். எல்லைச் சாலைத் துறையில் எக்சிகியூட்டிவ் இன்ஜினீயராக இருந்த தேவ் தத் என்பவருக்கு நேர்ந்ததும் அத்தகையதே. ஒரு வருடக் குறிப்பில் அவருக்கு "நன்று" என்று போட்டிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ "மிக நன்று" வேண்டும். பாதகமான குறிப்பு அல்ல என்பதால் அதை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை; உயர்வும் கிடைக்கவில்லை. 2008-ல் சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. குறிப்பு நல்லதோ கெட்டதோ, எதுவாயினும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அவர் மறுமொழி கூற வாய்ப்புத் தர வேண்டும் என்பது அத்தீர்ப்பு. ராணுவத்தினர் நீங்கலாக அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர் அனைவருக்கும் பொருந்தும். நம் வாசகர்களில் எத்தனை பேர் தங்கள் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள்? நல்ல மானேஜர் கேட்பதற்கு முன்பே கூப்பிட்டுக் காட்டிவிடுவார். கோர்ட் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்ற நிலை வந்ததே வருந்தத்தக்கது.

இனி, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கென்றே உள்ள ஒரு விஷயம். தமிழர் ஒருவர் இங்கே மானேஜர் ஆகும்போது, அவருக்குக் கீழே கன்னடியர், தெலுங்கர், மலையாளி, இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் ஒப்பந்தத் தொழிலாளி என்று பல மொழிக்காரர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எல்லாம் நடக்கும் என்று எண்ணுகிறவர் ஏமாறுவார். உத்தரவு ஆங்கிலத்தில் இறங்கும்; கெட்ட செய்தி ஆங்கிலத்தில் ஏறாது. மனத்தில் உறுத்துவதை ஒருவர் தம் தாய்மொழியில்தான் சட்டென்று சொல்வார். வேறு மொழியில் வார்த்தை தேடுவதற்குள் "எதற்கு வம்பு" என்று விட்டுவிடுவார். இருபது ஆண்டுகள் இவ்வூரில் இருந்தும் காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்குமேல் கன்னடம் கற்காத அதிகாரிகளை நான் அறிவேன். அவர்கள் பிரிவில் நடப்பது அவர்களுக்குக் கடைசியில்தான் தெரியவரும். கன்னடம் நமக்கு அயல்மொழியா என்ன? ஆறு மாதம் தினமும் அரை மணி நேரம் போதும்.

மொழியைவிட நுட்பமானது "நம்ம ஆள்" என்ற பேச்சு. மானேஜரின் அறையில் தமிழில் சிரிப்புச் சத்தம் கேட்டால் வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? உள்ளே பேசியது கிரிக்கெட்டாகவே இருக்கலாம். ஓவர்டைம் பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்று தற்செயலாக முதலில் வந்தால் போதும், அந்தச் சிரிப்போடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். 1991-லும் 2016-லும் காவிரிப் பிரச்சினையில் இந்நகரம் கொதித்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாட்களில் பக்கத்து மேசைக்காரர் நம்மை நம்புவது, அதற்கு முன் சாதாரண நாட்களில் ஓவர்டைமும் லீவும் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதைப் பொறுத்தது. தமிழ்த் தொழிலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: நம்மவர் அதிகாரியாக வந்ததும் சலுகை எதிர்பார்த்து அவர் வாசலில் நிற்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

வேலையைப் பிறர் கையில் விடுவது பற்றியும் சொல்ல வேண்டும். திறமைசாலியான இன்ஜினீயருக்கு இதுதான் மிகக் கடினம். இளைஞன் ஸ்பேனரைப் பிடிக்கும் விதம் பொறுக்காமல் பிடுங்கித் தானே முடுக்கிவிடுகிறார். சாப்ட்வேரிலும் இதேதான், பையன் எழுதியதை இரவோடு இரவாகத் தானே திருத்தி எழுதிவிட்டு, "எல்லாம் நானே பார்க்க வேண்டியிருக்கிறது" என்று அலுத்துக்கொள்கிறார். இளைஞனுக்கு என்ன தவறு என்றே தெரியாது. அடுத்த முறையும் அதையே செய்வான்.

அப்படியானால் மானேஜருக்குத் தொழில் தெரிய வேண்டியதில்லையா? கூகிள் கம்பெனி 2002-ல் இன்ஜினீயர்களுக்கு மானேஜர்களே வேண்டாம் என்று சிலகாலம் விட்டுப் பார்த்து, சரிப்படாமல் மீண்டும் வைத்துக்கொண்டது. பின்னர் நல்ல மானேஜர் எப்படி இருக்கிறார் என்று தன் சொந்த ஆவணங்களையே புரட்டி ஆராய்ந்தது. 2011-ல் வெளியே வந்த முடிவில் 8 குணங்கள் இருந்தன. கீழே உள்ளவரைப் பழக்கி வளர்ப்பது முதலிடம். தொழில்நுட்ப அறிவு எட்டாமிடம், அதாவது கடைசி. இன்ஜினீயர்களே நிறைந்த கம்பெனியில் இந்த விடை பலருக்கு வியப்பைத் தந்தது. ஆனால் எட்டாவதாக ஆயினும் அது பட்டியலில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொழில் தெரியாதவரிடம் "சத்தம் வேறு மாதிரி வருகிறது" என்று சொல்லி என்ன பயன்? எந்தச் சத்தம் என்று கேட்கவே அவருக்குத் தெரியாதே.

இந்தப் பக்கத்தைப் படிப்போரில் பலர் மானேஜர்கள் அல்லர். மானேஜருக்குக் கீழே இருப்பவர்கள். காது இல்லாத அதிகாரி வாய்த்தால் என்ன செய்வது? வாயால் சொன்னதை எழுத்திலும் வையுங்கள். ஷிப்டு லாக் புத்தகத்தில் தேதி, மணி, பார்த்தது என்ன என்ற மூன்றும் போதும், குற்றச்சாட்டு வேண்டாம். பாய்ஷ்ஜோலியின் கடிதம் விபத்தைத் தடுக்கவில்லை. ஆயினும் விசாரணைக் கமிஷன் முன் உண்மை நின்றது அந்தக் கடிதத்தால்தான். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இதுவும் எளிதல்ல. மறுநாள் கேட்டில் பாஸ் கிடைக்காது என்ற பயம் அவருக்கு உண்டு. அவர் சார்பில் நிரந்தர ஊழியர் ஒருவர் எழுதலாம். யூனியன்கள் போனசுக்குக் காட்டும் ஊக்கத்தில் கொஞ்சம் இதற்கும் காட்டலாம்.

நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நல்ல இன்ஜினீயர் மேலே போக மானேஜர் பதவி ஒன்றே வழி என்று வைத்திருப்பதால்தான், ஆட்களோடு பழக விருப்பமே இல்லாதவரும் சம்பளத்துக்காக அந்த நாற்காலியில் உட்காருகிறார். இஸ்ரோ போன்ற நிறுவனங்களில் விஞ்ஞானி தம் வேலையிலேயே இருந்துகொண்டு, காலியிடத்துக்குக் காத்திராமல், தகுதியின் பேரில் படிப்படியாக உயர வழியிருக்கிறது. பெரிய சாப்ட்வேர் கம்பெனிகள் சிலவும் இன்ஜினீயருக்குத் தனி ஏணி வைத்திருக்கின்றன. நம் தொழிற்பேட்டைகளில் இது இன்னும் அபூர்வம். பீன்யாவில் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்லும் ஒருவருக்கு, ஆள் மேய்க்கும் வேலை தராமலேயே மானேஜருக்குச் சமமான சம்பளம் தர எந்த முதலாளி முதலில் முன்வருவாரோ, தெரியவில்லை.